மின்னஞ்சலின் மூலம் காணும் முறை

நதிமூலம் ஆராயலாகாது என்பர். மின்னஞ்சலின் மூலத்தையோ ஆராய்ந்தே தீரவேண்டும். வங்கியின் பெயரால் வந்த கடிதத்தை நம்பிப் பொருளிழந்தோர் பலர். திருக்காட்டுப்பள்ளி வயலிற் பாயும் நீரை வாய்க்காலோடு எதிரேறிக் குடமுருட்டி, காவிரி, கல்லணை எனத் தேடிச் செல்வது போன்றதே இவ்வாராய்ச்சி.

அனுப்பியவர் பெயரை எவரும் தம் விருப்பப்படி எழுதலாம். 1982ஆம் ஆண்டு இதற்கு விதி வகுத்தோர், அப்பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு எதனையும் வைத்திலர். ஆயினும் அஞ்சலைக் கைமாற்றும் ஒவ்வொரு கணினியும் தபால் முத்திரைபோல் 'ரிசீவ்ட்' என்னும் வரியொன்றை மேலே சேர்க்கின்றது. ஆதலின் அடிவரியே பழையது. அதனை உடனே நம்பிவிடலாகாது. வஞ்சகன் போலிவரிகளை முன்னரே எழுதி வைத்திருக்கக்கூடும். நம் அஞ்சல் நிலையம் வெளியாரிடமிருந்து பெற்றபோது இட்ட வரியே நம்பத்தக்கது. கொடுத்த கணினியின் ஐ.பி. எண் அதிற் காணப்படும். அவ்வெண் எந்நிறுவனத்தினுடையது என்பதைப் பொதுப் பதிவேட்டில் யாவரும் காணலாம். அந்நேரத்தில் அதனைப் பயன்படுத்தியவர் யார் என்பதை அந்நிறுவனத்தின் குறிப்பேடே கூறும். அதனைக் கேட்டுப் பெறுதல் போலீசார்க்கே இயலும். நேரம் கிரீனிச் கணக்கில் இருப்பின் ஐந்தரை மணி கூட்டுக. ஜீமெயிலை இணையப் பக்கத்தில் திறந்து எழுதுவோரின் எண் நமக்கு வெளிப்படாது. அங்கே கல்லணையோடு நின்றுவிட வேண்டியதுதான்.

எண் கணினியைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது. 2004இல் சென்னைப் பெண்ணொருவரின் பெயரால் போலி முகவரி அமைத்து இழிசெய்தி பரப்பியவனைப் போலீசார் மும்பையிற் பிடித்தனர். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றம் அவனைத் தண்டித்தபோது, பிரௌசிங் சென்டர் உரிமையாளரின் சாட்சியும் வேண்டியதாயிற்று.