விடமுடியாத குறுந்தொடர்கள்

கேள்வி: கைப்பேசியில் வரும் சீனக் குறுந்தொடர்களில் எப்போதும் துரோகமும் குடும்ப ரகசியமும்தான். முடிவு தெரிந்தும் விட முடியவில்லையே, ஏன்?
- வாசகி, மதுரை

பதில்: ஒவ்வொரு பகுதியும் ஓரிரு நிமிடம்தான். கன்னத்தில் அறை விழும் நொடியிலோ, ரகசியம் உடையும் நொடியிலோ நிறுத்திவிடுவார்கள். முதல் சில பகுதிகள் இலவசம். முடிச்சு இறுகியதும் காசு கேட்பார்கள்.

ஆனால், உத்தி மட்டுமே காரணமில்லை. எல்லாரும் ஏளனம் செய்த மருமகள்தான் பெரும் செல்வந்தரின் தொலைந்துபோன மகள் என்று தெரியவரும்போது, வாழ்க்கையில் வாயடைத்து நின்றவர்களுக்கெல்லாம் நியாயம் கிடைத்த நிம்மதி. நிஜத்தில் துரோகம் செய்தவர் மன்னிப்புக் கேட்பது அரிது. இங்கே தவறாமல் கேட்கிறார். நியாயம் கிடைக்க வேண்டும் என்ற அந்த ஏக்கம் மதிக்கத்தக்கது. தாராளமாகப் பாருங்கள், ஆனால் தொடர் முழுவதற்கும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.