தும்பை

வரப்போரத்துத் தும்பையின் தண்டை விரல்களிடையே உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டைகள் தட்டுப்படும். புதினா, துளசி ஆகியவற்றின் தண்டும் அவ்வாறே. மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலைகள் எதிரெதிராக அமைய, கணுக்களைச் சுற்றி வெண்மலர்கள் கொத்தாகப் பூக்கும். மலரின் சிறிய மேலுதடு குடைபோலக் கவிந்து நான்கு மகரந்தத்தாள்களைக் காக்கும். அகன்ற கீழுதட்டில் அமர்ந்து தேனருந்தும் வண்டின் முதுகில் மகரந்தம் படியும்.

தாவரவியலார் இதனை ‘லூக்கஸ் ஆஸ்பெரா’ என்பர். முற்பகுதி வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிற்பகுதி சொரசொரப்பைச் சுட்டும் இலத்தீன். ‘தும்பைப்பூப் போன்ற வெண்மை’ என நம் மக்கள் கண்டதும் அந்நிறத்தையே.

இருபெரு வேந்தர் தம் வலிமையை நிலைநாட்டப் பொருத களத்தில் வீரர் சூடிய பூ இது. அப்போரைப் பாடும் புறத்திணைக்கும் தும்பை என்றே பெயர். சளி பிடித்தால் இதன் இலையைக் கொதிநீரிலிட்டு ஆவி பிடிப்பது சிற்றூர் வழக்கம். களைக்கொல்லி தெளித்த வரப்புகளில் இன்று இதனைத் தேடித்தான் காணவேண்டும்.