ஆவின் பெயர் தாங்கிய சொல்

'வாக்சின்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று தடுப்பு மருந்தைக் குறிக்கிறது. முதலில் அது மருந்தின் பெயரன்று; ஒரு பெயரடையே. இலத்தீன் மொழியில் 'வாக்கா' என்பது பசு. அதன் அடியாகப் பிறந்த 'வாக்கினுஸ்' என்பது 'பசுவுக்கு உரிய' எனப் பொருள்படும். தமிழில் 'ஆ' என்னும் பெயர் இன் சாரியை பெற்று, 'ஆவின் பால்' என நிற்பதனோடு இதனை ஒப்பிடலாம். ஆயின், இலத்தீனில் அடைமொழி தான் தழுவும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பத் திரியும். பெரியம்மையைக் குறிக்கும் 'வரியோலே' பெண்பாற் பன்மை. ஆதலின் பசுவம்மை 'வரியோலே வாக்கினே' ஆயிற்று.

இத்தொடரைத் தம் நூற்பெயரில் அமைத்தவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் எட்வர்டு ஜென்னர். அக்காலத்தில் பெரியம்மை ஊர்தோறும் உயிர்களைக் கொள்ளைகொண்டது. பிழைத்தவருள்ளும் பலர் கண்ணிழந்தனர். பால் கறக்கும் பெண்டிர்க்குப் பசுவின் மடியிலிருந்து கொப்புளங்கள் தொற்றுவதுண்டு. அங்ஙனம் தொற்றியவரைப் பெரியம்மை அணுகாது என்பது நாட்டுப்புறத்தார் அறிந்த செய்தி. ஜென்னர் அதனைப் புறந்தள்ளவில்லை. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்னும் பால் கறக்கும் பெண்ணின் கைக்கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையைக் கீறி ஏற்றினார். ஜூலைத் திங்களில் பெரியம்மைக் கொப்புளத்து நீரையே அவனுக்கு ஏற்றினார். ஒரு சிறுவனின் உயிரைப் பணயம் வைத்த செயல் இது. இன்று எவரும் இதற்கு இசையார். நல்லவேளையாக நோய் வரவில்லை. நூல் 1798இல் வெளிவந்தது.

இச்சொல்லைப் பசுவினின்று பிரித்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். கோழிக்கும் ஆட்டுக்கும் வரும் நோய்களுக்குத் தடுப்பு மருந்து கண்ட அவர், 1881இல் இலண்டனிற் கூடிய மருத்துவப் பேரவையில், ஜென்னரைப் போற்றும் பொருட்டு அச்சொல்லை எல்லாத் தடுப்பு மருந்துக்கும் பொதுவாக்கினார். தம் பெயரையே சூட்டியிருக்கலாம்; முன்னவர் சொல்லைச் சூட்டியது பெருந்தன்மை. 1885இல் அவர் வெறிநாய்க்கடிக்கு அளித்த மருந்து முயலின் முதுகுத்தண்டிலிருந்து ஆக்கப்பட்டது. அதற்கும் பசுவின் பெயரே! காரணப்பெயராய்ப் பிறந்த சொல், காரணம் நீங்கிய இடத்தும் வழங்கலாயிற்று.

பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்நோய்க்கு நெடுங்காலம் குத்தப்பட்ட தடுப்பு மருந்தின் நுண்ணுயிரைப் பிற்காலத்தார் ஆராய்ந்தனர். அது பசுவம்மையினும் குதிரையம்மைக்கே நெருங்கிய உறவுடையது எனக் கண்டனர். பசுவுக்கு இந்நோய் குதிரையின் குளம்புப் புண்ணிலிருந்தே வந்திருத்தல் வேண்டும் என்று ஜென்னரும் தம் நூலிற் கருதியிருந்தார்.