குனிந்த தலை நிமிரட்டும்

தோட்டம் செய்தவருக்கு நாரி நோவு புதிதல்ல. வெங்காயம் நட்டு, களை பிடுங்கி, தண்ணீர் கட்டிய உடம்பு அது. ஆனால் அந்த வேலையில் குனிந்தவர் நிமிர்ந்தார்; நடந்தார்; வரம்பில் இருந்து இளைப்பாறினார். காணியை விட்டு இடம்பெயர்ந்த பின் அந்த நடமாட்டம் குறைந்துவிட்டது. இப்போது பலர் வீட்டு மூலையில் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தபடி இருக்கிறோம். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் பாடமும் அதற்குள் வந்தது. வெளிநாட்டு உறவுகளோடு கதைப்பதும் அதில்தான். ஆகவே அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உடம்பைக் கெடுக்காமல் பாவிப்பது எப்படி என்பதே இன்றைய பாடம்.

ஏன் நோகிறது?

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. நேராக இருந்தால் முள்ளந்தண்டு அதை இலகுவாகத் தாங்கும். குனியக் குனியப் பிடரித் தசைகள் தலையை இழுத்துப் பிடிக்க வேண்டும். 60 பாகை குனிந்தால் கழுத்தில் ஏறத்தாழ 27 கிலோ சுமை விழும் என்று அமெரிக்க முள்ளந்தண்டு சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் 2014இல் கணக்கிட்டார். அது அரைப் பை சீமெந்திலும் அதிகம். தண்ணீர் வாளியை உடம்போடு அணைத்துத் தூக்குவதையும் கையை நீட்டித் தூக்குவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், காரணம் விளங்கும்.

இருக்கும் முறை

தலையைத் தொலைபேசிக்குக் கொண்டு போகாமல், தொலைபேசியைக் கண்ணுக்கு நேரே கொண்டு வாருங்கள். பிள்ளை படிக்கும்போது அதை றங்குப்பெட்டியின் மேல் சாய்த்து வைக்கலாம். முதுகைச் சுவரோடு சாய்த்து, நாரிக்குப் பின்னால் மடித்த சாரம் ஒன்றை வையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழுந்து நடவுங்கள்.

நான்கு பயிற்சிகள்

1. சுவரில் முதுகு படிய நில்லுங்கள். முகத்தை மேலே தூக்காமல், நாடியை நேரே பின்னுக்கு இழுங்கள். 5 செக்கன் வைத்து விடுங்கள். 10 தடவை.

2. கைகளைத் தொங்கவிட்டு, இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் ஒன்றோடொன்று நெருக்குங்கள். 5 செக்கன்; 10 தடவை.

3. வாசலில் நின்று இரு கைகளையும் கதவுநிலையில் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து நெஞ்சை விரியுங்கள். 20 செக்கன்; 3 தடவை.

4. இரு கைகளையும் நாரியில் வைத்து, மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள். 5 தடவை. தலைச்சுற்று உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் இதைத் தவிர்க்கவும்.

காலையும் மாலையும் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தசை இழுபடுவது தெரியலாம்; நோவு கூடினால் நிறுத்துங்கள். கை, கால் விறைத்தாலோ, பலம் குறைந்தாலோ, விழுந்த பின் நோவு வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

சிந்திப்போம்

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், 18 ஆண்டுகள் கூனியிருந்த ஒரு பெண்ணை இயேசு நிமிரச் செய்கிறார். நிமிர்ந்து நிற்பது மனிதருக்குரிய மாண்பு. காணி திரும்பக் கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்க நமக்கும் பிள்ளைகளுக்கும் பலமான முதுகு வேண்டும். காணிக்காகக் காத்திருக்கும் நாம், முதுகைப் பேணக் காத்திருக்கத் தேவையில்லை.

1. நம் வீட்டில் அதிக நேரம் குனிந்திருப்பவர் யார்?

2. மாலையில் அயலவர் சேர்ந்து இப்பயிற்சிகளைச் செய்ய எந்த இடம் வசதி?