நீரிறைக்கும் மோட்டர் சூடேறுவதும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி தடைப்படுவதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. காலபோக நெல் மாரி மழையில் விளைகின்றது. வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை முதலிய தோட்டப் பயிர்கள் சுண்ணாம்புக் கற்பாறையிடையே தேங்கும் கிணற்று நீரையே நம்பியுள்ளன. அந்நீரை முன்னாளில் துலாவும் சூத்திரமும் இறைத்தன; பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவின. 2013 ஆம் ஆண்டிற் சுன்னாகம் தேசிய மின்வலையமைப்புடன் மீண்டும் இணைக்கப்பட்டது. இன்று மின்மோட்டருடன் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சில கமக்காரர் பொருத்துகின்றனர். சூரிய ஒளியால் இயங்கும் இறைப்புப் பொறிகள் பலவற்றிலும் இத்தகைய பெட்டியே உள்ளது.

வெங்காயத்தின் வேர் ஆழஞ் செல்வதில்லை. குமிழ் பருக்குங் காலத்தில் ஓர் இறைப்புத் தவறினும் விளைவு குன்றும். அத்தகைய வேளையிற் பெட்டி "மிகைச்சுமை" என்று காட்டி மோட்டரை நிறுத்திவிடுமாயின், கமக்காரர் செய்ய விரும்புவது ஒன்றே: பெட்டியில் அமைந்துள்ள மின்னோட்ட எல்லையைச் சற்று உயர்த்திவிட்டு மீண்டும் ஓட்டுதல். மோட்டர் ஓடும், அன்றைய இறைப்பும் முடியும். ஆயின் சில நாட்களிற் சுருள் கருகக்கூடும். கருகிய சுருளை மீளச் சுற்றுவித்துப் பெறும் வரை தோட்டம் காய்ந்து நிற்கும்.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கது. பெரும்பாலான பெட்டிகள் மோட்டரின் சூட்டை நேரே அளப்பதில்லை. எத்துணை அம்பியர் எவ்வளவு நேரம் சென்றது என்பதைக் கொண்டு, மோட்டர் இவ்வளவு சூடேறியிருக்கும் என்று கணக்கிடுகின்றன. அக்கணக்கிற்கு ஆதாரம் கமக்காரர் பதித்த எல்லையே. எல்லையை உயர்த்துதல் சூட்டைக் குறைப்பதன்று. பெட்டியின் கண்ணைக் கட்டுவதாகும். சுருளின் காப்பு, தாங்கவேண்டிய வெப்பத்திற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழப் பாதி ஆயுளை இழக்கின்றது. எனவே எல்லை எப்பொழுதும் மோட்டரின் தகட்டிலுள்ள அம்பியருக்குச் சமமாக இருத்தல் வேண்டும்.

அத்தகட்டைப் படிப்பதிலேயே பலர் தவறுகின்றனர். 2 பரிவலு மோட்டர் ஒன்றில் 230/400 வோல்ற்று, 6.1/3.5 அம்பியர் என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் மின்சாரத்தைப் பெற்று மூன்று பேஸாக மாற்றித் தரும் சிறு பெட்டி 230 வோல்ற்றே தரும். ஆகவே மோட்டரின் முனைகள் முக்கோண முறையில் இணைக்கப்படல் வேண்டும், எல்லை 6.1 அம்பியர். முனைகள் விண்மீன் முறையில் விடப்படின் மோட்டரின் முறுக்குவலு மூன்றிலொன்றாகும். அது சுமையை இழுக்கமாட்டாது திணறிச் சூடேறும். புதிதாகப் பொருத்திய பெட்டி முதல் நாளிலேயே தடைப்படுமாயின் முதலிற் பார்க்கத்தக்கது இதுவே.

கப்பாசிற்றர் பொருத்திய ஒற்றைப் பேஸ் மோட்டரைச் சாதாரண மூன்று பேஸ் பெட்டியுடன் இணைத்தல் ஆகாது. கப்பாசிற்றரும் பெட்டியும் பழுதாகும்.

இணைப்பும் எல்லையும் சரியாயின், மோட்டர் ஓடும்பொழுது பெட்டியின் முகப்பிற் காணும் அம்பியரைத் தகட்டுடன் ஒப்பிடுதல் வேண்டும். பெட்டிக்குள் வருங் கம்பியில் அளக்கும் அளவு வேறு, அதனை நம்பலாகாது. ஓட்டத் தொடங்கிய சில செக்கன்களிலேயே தடைப்படின், சுழலி மணலாற் பிடிபட்டிருக்கலாம், பெயரிங் இறுகியிருக்கலாம், அல்லது வேகமேறும் நேரம் மிகக் குறுகியதாய் அமைக்கப்பட்டிருக்கலாம். அரைமணி நேரம் ஓடிய பின் தடைப்படின், சுமையே மிகுதி.

இவ்விடத்தில் பலர் எண்ணுவதற்கு மாறான ஒன்றுண்டு. கிணற்றில் நீர் வற்றிய ஆவணியிலேயே மோட்டருக்குப் பாரம் கூடும் என்பது பொதுவான எண்ணம். மையநீக்க இறைப்பியில் நிகழ்வது வேறு. மாரி முடிந்து கிணறு நிரம்பிய தையில், நீர் உயர்த்தப்படும் உயரம் குறைவதால் மிகுதியான நீர் பாய்கின்றது. அதனால் அம்பியரும் ஏறுகின்றது. தூவற் குழாய்களுக்கென வாங்கிய இறைப்பியைக் குழாயின்றி வாய்க்காலுக்கோ வயலுக்கோ திறந்துவிடும்பொழுதும் இதுவே நிகழும். வெளியேற்றும் வால்வைச் சிறிது மூடுவதாலும் வேகத்தைக் குறைப்பதாலும் இச்சுமை தணியும். வேகத்தைக் குறைத்தலே சிறந்தது. நீரின் அளவு வேகத்துடன் நேராகக் குறையும். வேண்டிய வலுவோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் குறையும். மின்சாரத்தின் மீடிறனைச் செக்கனுக்கு 50 இலிருந்து 40 ஆக்கினால் நீர் ஐந்திலொன்று குறைய, வலு ஏறத்தாழப் பாதியாகும். மாறாக 55 ஆக்கினால் வலு மூன்றிலொரு பங்கு கூடும். விரைந்து இறைக்க விரும்பி மீடிறனை 50 க்கு மேல் உயர்த்துதலே சில மிகைச்சுமைகளின் உண்மைக் காரணம். குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கிணற்றை விரைந்து வற்றச் செய்வது உவரை மேலிழுப்பதுமாகும்.

ஆவணியில் ஏற்படும் கேடு வேறு வகையானது. நிலத்தின்மேல் வைத்த இறைப்பி ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சமாட்டாது. நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால், அல்லது அடிவால்வு ஒழுகினால், இறைப்பி வெறுமையாய்ச் சுழலும். அப்பொழுது அம்பியர் குறைவாயிருக்கும். பெட்டி மிகைச்சுமை என்று காட்டாது. உள்ளே எஞ்சிய நீர் கொதித்து அடைப்புக் கெடும். குறைசுமையில் நிறுத்தும் வசதி பெட்டியில் இருப்பின் அதனை இயக்கிவைத்தல் வேண்டும்.

அம்பியர் தகட்டளவுக்குள் இருந்தும் மோட்டர் சூடேறுமாயின், குளிர்ச்சி போதாது என்பதே பொருள். மோட்டரின் விசிறி அதன் தண்டிலேயே உள்ளது. வேகம் குறைந்தாற் காற்றும் குறையும். கிணற்றினுள் மூழ்கியிருக்கும் மோட்டரைக் குளிர்விப்பது அதனைச் சுற்றி ஓடும் நீரே. வேகம் பாதியானால் நீர் உயர்த்தும் ஆற்றல் நாலிலொன்றாகும். நீர் மேலே வராமலே மோட்டர் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே மூழ்கு மோட்டரை 30 மீடிறனுக்குக் கீழ் ஓட்டாதிருத்தல் நன்று. கையை வைத்துச் சூட்டை மதிப்பிடுதல் போதாது. நல்ல மோட்டரும் முழுச் சுமையிற் கைபொறுக்காத சூடு கொள்ளும். சாக்கால் மூடிய மோட்டரும் வைக்கோல் அடைத்த விசிறிக் கூடும் தோட்டங்களில் அரிதல்ல.

பெட்டியும் தானே சூடேறித் தடைப்படுவதுண்டு. அதனைத் தகரக் கொட்டிலின் வெயிற் சுவரில் மாட்டாது, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், மேலுங் கீழும் இடைவெளி விட்டு அமைத்தல் வேண்டும். கடற்காற்று படும் இடங்களில் முனைத் திருகுகள் துருவேறித் தளரும். ஒரு பேஸ் தளர்ந்தால் மற்றையிரண்டும் சுமையைத் தாங்கிச் சூடேறும்.

திருகுகளை இறுக்குமுன் மின்சாரத்தை முதன்மை ஆளியில் நிறுத்துதல் வேண்டும். முகப்பு விளக்கு அணைந்த பின்னும் பெட்டியின் உட்கப்பாசிற்றர்களில் உயிர்கொல்லும் மின் எஞ்சியிருக்கும். பத்து நிமிடமாவது பொறுத்துத் திறத்தல் வேண்டும். சூரியத் தகடுகளுடன் இணைந்த பெட்டியாயின் தகடுகளின் ஆளியையும் நிறுத்துதல் அவசியம். வெயில் உள்ளவரை அவை மின் தந்துகொண்டேயிருக்கும். ஈரக் காலுடன் வாய்க்கால் வரம்பில் நின்று இவ்வேலையைச் செய்யலாகாது.