பாடம்: நித்திரைக்குப் பூசும் எண்ணெய் – நாமே சோதிப்போம்

இடம்பெயர்ந்த குடும்பங்களில் நித்திரை இலகுவில் வருவதில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்களும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களும் இதை அறிவர். இன்று நம் இளைஞர் யுவதிகள் பலர் நடுச்சாமத்திலும் விழித்திருக்கிறார்கள். பகலில் தோட்டத்தில் களைப்பு, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். கலங்கிய தாய்மார் நெற்றியிலும் பிடரியிலும் பூசும் எண்ணெய்களைக் கடன்பட்டும் வாங்குவதைக் காண்கிறோம். அவை பயன் தருமா? புது விதைநெல்லை முதலில் வயலின் ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பவர்கள் நாம். இதையும் அப்படியே சோதிப்போம்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு வழிகாட்டும். நித்திரைக் குறைபாடுள்ள 79 கல்லூரி மாணவர் பங்குபற்றினர். ஒரு பகுதியினர் லவண்டர் வாசனையுள்ள ஒட்டுத்துண்டையும், மறுபகுதியினர் வாசனையற்ற துண்டையும் ஐந்து இரவுகள் மார்பில் ஒட்டினர். நல்ல நித்திரைப் பழக்கங்கள் இரு பகுதியினருக்கும் கற்பிக்கப்பட்டன. வாசனையை முகர்ந்தவர்கள் கூடுதலாகத் தேறினர். ஆனால் பழக்கங்களை மட்டும் கைக்கொண்டவர்களும் ஓரளவு தேறினர். ஆகவே பழக்கம் தந்த பலனை எண்ணெயின் கணக்கில் எழுதக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை:

1. முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி பூசி ஒருநாள் பார்ப்போம். தடிப்போ எரிவோ வந்தால் விட்டுவிடுவோம். கற்பூரம் கலந்த எண்ணெயைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைப்போம். விழுங்கினால் வலிப்பு வரலாம்.

2. முதல் வாரம் எண்ணெய் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் எழும்புதல், பின்னேரத்துக்குப் பின் தேநீரைத் தவிர்த்தல், படுக்கையில் கைத்தொலைபேசியைத் தவிர்த்தல் ஆகியவை போதும்.

3. அடுத்த இரு வாரமும் இப்பழக்கங்களோடு ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணெய் பூசுவோம். பூசாத இரவிலும் அதேயளவு நேரம் வெறுங்கையால் தடவிவிடுவோம்.

4. காலையில் கொப்பியில் எழுதுவோம்: எத்தனை மணி நித்திரை, எத்தனை தரம் விழிப்பு, மனநிலைக்கு ஐந்துக்கு எத்தனை புள்ளி.

எண்ணெய் பூசிய இரவுகள் தெளிவாக நன்றாயிருந்தால், கைக்கு எட்டிய விலையில் பாவிக்கலாம். இருவகை இரவுகளும் ஒரேயளவில் தேறினால், உதவியது போத்தல் அல்ல. பழக்கமும் தாயின் கையும் என்று கொள்ளலாம். அவற்றுக்குக் கடன்பட வேண்டியதில்லை.

துர்க்கனவும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் எண்ணெயை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வைத்தியர் தந்த குளிசையையும் நாமாக நிறுத்த வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே கூட்டிச் செல்வோம்.

சிந்திக்க: நம் வீட்டில் நித்திரையின்றிக் கிடப்பவர் யார்? ஏன் என்று அவரிடம் கேட்டோமா?