பிள்ளையோடு ஒரு நெடும் பயணம்

அருளாளன் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பயணத்துக்குக் கிளம்பிவிடுகின்றன. கல்யாணம், பெருநாள், பிறந்த ஊர், வாப்பா உம்மாவின் முகம் என்று காரணம் எத்தனையோ. அப்படிப்பட்ட ஒரு பயணத்தை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு குடும்பம் காரில் போகிறது. அறுநூறு கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வழி. சுபுஹு தொழுததும் புறப்படுவதாகப் பேச்சு; மூட்டை கட்டி முடிக்கப் பத்து மணியாகிவிட்டது. விழுப்புரத்தைத் தாண்டும்போது ளுஹருடைய நேரம். "இன்னும் கொஞ்ச தூரம் போய்த் தொழலாம்" என்கிறார் வாப்பா. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே மூன்று வயதுப் பிள்ளை வாந்தியெடுத்து உம்மாவின் சேலையை நனைத்துவிடுகிறது. மாற்றுத்துணி அடிப்பெட்டியில்; கழுவத் தண்ணீரில்லை. வெயில், அழுகை, எரிச்சல். "கொள்ளையில் போவான், ஏன்தான் இவனைக் கூட்டி வந்தோமோ!" என்று உம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிடுகிறது. மதுரையை அடையும்போது மஃரிபும் ஆகிவிட்டது. ளுஹரும் அஸரும் களாவாகிவிட்டன.

இதில் குற்றவாளி யார்? நிச்சயமாகப் பிள்ளையல்ல. ஆயத்தமில்லாமல் புறப்பட்ட பெரியவர்களே. அன்றைய நட்டம் சேலையில் பட்ட கறை மட்டுமன்று. இரண்டு வேளைத் தொழுகையும், பிள்ளையின் மீது விழுந்த ஒரு பொல்லாத சொல்லும் அதில் சேரும். இவ்விரண்டையும் காத்துக்கொள்வது எப்படி என்பதையே இங்கு நாம் பாடமாகப் பார்க்கப் போகிறோம்.

நாவைக் காத்தல்

மூவருடைய துஆ தட்டப்படுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்: அநீதி செய்யப்பட்டவர், பயணி, தந்தை. இது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வந்துள்ளது. பிள்ளையோடு பயணம் போகும் தந்தையின் நிலையை இங்கு எண்ணிப் பாருங்கள். அவர் பயணியாகவும் இருக்கிறார், தந்தையாகவும் இருக்கிறார். துஆ ஏற்கப்படும் இரு வாசல்கள் அவருக்கு ஒரே நேரத்தில் திறந்திருக்கின்றன. அந்த நேரத்தில் அவர் நாவிலிருந்து வருவது வாழ்த்தா, வசையா?

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. நாயகம் (ஸல்) அவர்களோடு தோழர்கள் பயணம் சென்றபோது, ஓர் அன்ஸாரியின் ஒட்டகம் தயங்கி நின்றது. அவர் எரிச்சலில் அதைச் சபித்துவிட்டார். நபியவர்கள் அவரை அதிலிருந்து இறங்கச் சொன்னார்கள். தமக்கோ, தம் பிள்ளைகளுக்கோ, தம் பொருளுக்கோ கேடு வேண்டித் துஆச் செய்யலாகாது என்றும், கேட்டது கொடுக்கப்படும் நேரமாக அது அமைந்துவிடக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். இந்த எச்சரிக்கை வீட்டுத் திண்ணையில் பிறந்ததன்று. பயணத்தின் களைப்பிலும் எரிச்சலிலும் பிறந்தது. வழிப்பயணத்தில் மனிதனின் நாக்கு எப்படித் தடுமாறும் என்பதை அறிந்தே நம் நாயகம் பிள்ளைகளையும் அங்கே சேர்த்துச் சொன்னார்கள்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே! வழியில் பிள்ளை அழுது தொல்லை கொடுத்தால், "அல்லாஹ் உன்னை ஸாலிஹான பிள்ளையாக்குவானாக" என்று சொல்லப் பழகுங்கள். கோபத்திலும் அதே சொல் வரவேண்டுமென்றால், வீட்டிலிருக்கும்போதே அது நாவில் ஊறியிருக்க வேண்டும்.

புறப்படுமுன்

நாவு தடுமாறுவது பெரும்பாலும் கை ஆயத்தமில்லாததால்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். பிள்ளையின் விஷயத்தில் அந்தக் கட்டுதல் எவை?

முதலாவது, புறப்படும் நேரம். இரவே மூட்டையைக் கட்டி வைத்து, சுபுஹு தொழுததும் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறுமுன் கணிசமான தூரம் போய்விடலாம். தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை வேண்டி நபியவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். ஜும்ஆ கடமையானவர் வெள்ளிக்கிழமை சுபுஹுக்குப் பின் பயணம் புறப்படுவதை ஷாபிஈ மத்ஹபு தடுக்கிறது. வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்றிருந்தாலே தவிர. ஆகவே வேறு கிழமையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, பிள்ளை அமரும் இடம். சிறு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்வது அன்பல்ல, ஆபத்து. வண்டி திடீரென நின்றால் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த இயலாது. பின்னிருக்கையில், வயதுக்கேற்ற குழந்தை இருக்கையில் பட்டையிட்டு அமர்த்த வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு, 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்துக்காக அல்ல, அமானிதத்துக்காக இதைச் செய்யுங்கள். அடைத்த வண்டியில் பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். வெயிலில் அது அடுப்பாகிவிடும்.

மூன்றாவது, கைப்பை. மாற்றுத்துணி இரண்டு, பழந்துணி, வாந்திக்கு நெகிழிப் பை, வழக்கமான மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் காலடியில் வையுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். வாந்தி வரும் பிள்ளைக்கு எண்ணெய்ப் பண்டத்தைத் தவிர்த்து இட்லி போன்ற இலகுவான உணவைக் கொஞ்சமாகக் கொடுங்கள். செல்போனைக் குனிந்து பார்க்க விடாமல் வெளியே தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, தண்ணீர். குடிநீரோடு கலக்காமல் வுளூவுக்கென்று ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாக இருக்கட்டும். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைந்த நீரில் வுளூச் செய்ததாக புகாரீயில் உள்ளது. அந்தச் சிக்கனம் நமக்கிருந்தால் ஒரு கேன் குடும்பத்துக்கே போதும். தண்ணீர் கிடைக்கும் வழியில், சோம்பலுக்காகத் தயம்மும் செய்யலாகாது.

வழியில் தொழுகை

பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகையை அல்லாஹ் தஆலா ஸூரத்துன்னிஸாவின் 101 ஆவது வசனத்தில் அருளியுள்ளான். அச்சமற்ற காலத்திலும் அது உண்டா என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அது அல்லாஹ் உங்களுக்களித்த தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் விடை தந்தார்கள். நான்கு ரக்அத்துள்ள ளுஹர், அஸர், இஷா மட்டுமே இரண்டாகும். சுபுஹும் மஃரிபும் குறையா.

கஸ்ருக்குரிய தூரத்தின் கணக்கில் உலமாக்களிடையே வேறுபாடு உண்டு. ஆனால் நாம் சொன்ன பயணம் எந்தக் கணக்கிலும் நெடும் பயணமே. ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகே சலுகை தொடங்கும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கும் முழுமையாகத் தொழ வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஜம்உச் செய்யலாம். முற்படுத்திச் சேர்ப்பவர் முதல் தொழுகையை முதலில் தொழுது, அதை முடிக்குமுன் சேர்ப்பதாக நிய்யத்து வைத்து, இடைவெளியின்றி அடுத்ததைத் தொழ வேண்டும். பிற்படுத்துபவர் முதல் தொழுகையின் நேரத்துக்குள்ளேயே அந்த நிய்யத்தை வைக்க வேண்டும். நிய்யத்தின்றி நேரத்தைப் போக்கினால் அது சலுகையன்று, களா. ஹனபீ மத்ஹபில் கஸ்ரு செய்வது வாஜிபு. ஆனால் ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர ஜம்உ இல்லை. அவர்கள் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலும் தொழுதுகொள்ளலாம்.

இதை நம் பயணத்தில் பொருத்திப் பார்ப்போம். அதிகாலையில் கிளம்பினால் ளுஹர் நேரத்தில் பாதி வழியான திருச்சியில் இருக்கலாம். ஷாபிஈகள் அங்கேயே இரண்டையும் முடித்துக்கொள்ளலாம். ஹனபீகள் ளுஹரைத் திருச்சியிலும் அஸரை மதுரையிலும் வைத்துக்கொள்ளலாம். மஃரிபுக்குக் கோவில்பட்டி. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை வண்டியை நிறுத்துவது பிள்ளைக்கும் ஓட்டுபவருக்கும் நல்லது. தொழுகைக்கு நிற்கும் இடமே பிள்ளை ஓடியாடும் இடமாகவும் ஆகட்டும். பெண்களுக்குத் தொழுமிடமுள்ள பள்ளி எது என்பதை முன்னதாகவே விசாரித்து வையுங்கள். இல்லையென்றால் சாலையை விட்டு நன்கு விலகி நிழலில் பாயை விரியுங்கள். தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் மேற்கு உங்கள் வலப்புறம். அதிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது கிப்லா.

பிள்ளையின் சுத்தமும் தாயின் வுளூவும்

தாய்மார்கள் பலர் தொழுகையை விடுவதற்குச் சொல்லும் காரணம் பிள்ளையின் அசுத்தம். முறையறிந்தால் இது தடையாகாது. பிள்ளையைக் கழுவும்போது அதன் மர்ம உறுப்பில் உள்ளங்கை பட்டால் ஷாபிஈ மத்ஹபில் வுளூ முறியும், ஹனபீயில் முறியாது. ஆகவே முதலில் பிள்ளை, பிறகு வுளூ என்ற ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதாகாத, பால் மட்டுமே குடிக்கும் ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீரைத் தெளித்தாலே ஷாபிஈ மத்ஹபில் போதும். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனபீயில் இரண்டையும் கழுவ வேண்டும். நனைந்த அணையாடையோடு பிள்ளையைச் சுமந்து தொழாதீர்கள்.

பிள்ளை அழுகிறதென்று அஞ்ச வேண்டாம். நீட்டித் தொழ எண்ணி நின்ற நாயகம் (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். பிள்ளையையும் தொழுகையையும் ஒன்றுக்கொன்று பகையாக அவர்கள் கருதவில்லை. நாமும் அப்படிக் கருதலாகாது.

ஏழு வயதான பிள்ளை இருந்தால் அவனையும் உடன் நிறுத்துங்கள். "நேற்று நான்கு, இன்று ஏன் இரண்டு?" என்று கேட்பான். அல்லாஹ் பயணிக்குச் செய்த தயவை அப்போது சொல்லிக் கொடுங்கள். மதரஸாவில் படித்த பாடம் மறந்தாலும் வழியோரப் புளியமரத்தடியில் வாப்பாவோடு தொழுத இரண்டு ரக்அத் மறக்காது.

வண்டி நகரும்போது "ஸுப்ஹானல்லதீ" என்று தொடங்கும் பயண துஆவைப் பிள்ளையோடு சேர்ந்து ஓதுங்கள். அந்த ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் வசனங்கள், இறுதியில் நாம் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பதையும் நினைவூட்டுகின்றன. எல்லாப் பயணங்களுக்கும் மேலான அந்தப் பயணத்துக்கும் ஆயத்தம் வேண்டுமல்லவா?

வல்ல நாயன் நம் பயணங்களை இலேசாக்கி, நம் பிள்ளைகளைக் காத்து, நம் தொழுகைகளை நேரம் தவறாமல் நிறைவேற்றவும், நம் நாவுகள் அவர்களுக்கு நன்மையையே வேண்டவும் கிருபை செய்வானாக! ஆமீன்.